திருவிழா பாய்மரப் படகுப் போட்டிக்குப் பாதை போடுவது எப்படி?

வாடைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் பாக் விரிகுடாவைப் பார்த்தபடி இருக்கும் மீனவக் கிராமம் எங்களுடையது. திருவிழாவுக்கு நாட்டுப்படகில் பாய் கட்டி ஓட்டும் போட்டி வருஷா வருஷம் நடக்கும். இந்த முறை பாதை போடுகிற வேலையை விழாக் குழு இளைஞர்களான எங்களிடம் விட்டிருக்கிறது.

இதுவரை நடந்த முறை இதுதான். யார் எந்த இடத்தில் நிற்பது என்று சீட்டுக் குலுக்குவார்கள். படகுகள் கரையோரம் வடக்கு தெற்காக வரிசை கட்டி நிற்கும். கொடி அசைந்ததும் நேராகக் கடலுக்குள் ஓடி, அங்கே நங்கூரம் போட்டு நிற்கிற ஃபைபர் படகைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டும்.

இதில் இரண்டு குறை. வாடைக்காற்று அடிக்கிற நாளில் வடக்குக் கோடிச் சீட்டு யாருக்கு விழுகிறதோ அவருக்குப் பாதி வெற்றி கிடைத்த மாதிரி. அப்புறம், முதல் பத்து நிமிஷத்தில் எந்த வரிசையில் போகிறார்களோ அதே வரிசையில்தான் திரும்பியும் வருகிறார்கள். கரையில் காத்திருக்கிற சனத்துக்குத் தூரத்தில் பாய் தெரிவதோடு சரி.

16 படகு வரும். 18 அடியிலிருந்து 24 அடி வரை, வத்தையும் வல்லமும் கலந்து இருக்கும். படகுக்கு ஆறு பேர். ஓட்டத் தெரிந்தவன் முன்னே வருகிற மாதிரி ஒரு பாதை வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நேர்க்கோடு:

தம்பி, நான் சென்னையில் டிங்கி என்கிற சின்னப் பாய்மரப் படகுப் போட்டிகளுக்குப் பாதை போடும் குழுவில் இருக்கிறேன். நீங்கள் சொன்ன இரண்டு குறைக்கும் காரணம் ஒன்றுதான். உங்கள் பாதை முழுவதும் பக்கக் காற்றில் ஓடுகிறது.

பக்கக் காற்றில் புறப்படும்போது, காற்று வரும் பக்கம் நிற்கிற படகின் பாய் மற்றவர்களுக்குக் காற்றை மறைத்துவிடும். பாய்மரத்தின் உயரத்தைப் போல் ஆறேழு மடங்கு தூரம் வரை அந்த மறைப்பு இருக்கும். 7 மீட்டர் மரம் என்றால் கிட்டத்தட்ட 45 மீட்டர். அந்த நிழலில் சிக்கிய படகு வெளியே வருவதற்குள் முன்படகு போய்விடும். அடுத்தடுத்து எல்லோரும் ஒருவர் நிழலில் ஒருவர். வடக்குக் கோடிக்காரருக்கு மேலே யாரும் இல்லை, அவ்வளவுதான். அதோடு பக்கக் காற்றில் எல்லாப் படகுக்கும் வழி ஒன்றே. வேறு பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று யோசிக்க அங்கே இடமே இல்லை.

முதல் கட்டம் எதிர்க்காற்றாக இருக்க வேண்டும். காற்றை எதிர்த்து எந்தப் படகாலும் நேராக ஓட முடியாது. இடமும் வலமுமாக வளைந்துதான் ஏற வேண்டும். எந்தப் பக்கம் முதலில் போவது, எங்கே திரும்புவது என்பதெல்லாம் சுக்கான் பிடிப்பவர் முடிவு. திறமை அங்கேதான் தெரியும். படகுகள் தானாகவே பரவிவிடும்.

புறப்படும் கோடு காற்றுக்குக் குறுக்காக, சரியாகச் செங்குத்தாக இருக்கட்டும். கோட்டின் நீளம் படகு எண்ணிக்கை, படகு நீளம், ஒன்றரை ஆகிய மூன்றையும் பெருக்கினால் வரும். 16 படகு, 7 மீட்டர் என்று வைத்தால் 168 மீட்டர். 170 போடுங்கள். சீட்டுக் குலுக்கலே வேண்டாம். கோட்டுக்குப் பின்னால் யார் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்று விட்டுவிடுங்கள். கோடு நேராக இருந்தால் எந்த இடமும் ஒரே விலைதான்.

கோடு கொஞ்சம் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 170 மீட்டர் கோடு 10 டிகிரி சாய்ந்திருந்தால் ஒரு கோடியில் இருப்பவர் மறு கோடிக்காரரைவிடக் கிட்டத்தட்ட 30 மீட்டர் காற்றுக்கு மேலே நிற்கிறார். புறப்படும் முன்பே நாலு படகு நீளம் முன்னால். கண்ணுக்கு 10 டிகிரி தெரியவே தெரியாது. அதனால்தான் திசைமானி வைத்து அளக்க வேண்டும்.

பழைய தண்டல்:

சென்னைத் தம்பி சொல்வது அந்தச் சின்னப் படகுகளுக்குச் சரி. வத்தையில் பாய் மாற்றுவதை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

காற்று வரும் பக்கம் வெளியே நீட்டிய பலகையில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்துதான் படகு சாயாமல் பிடிப்போம். திரும்ப வேண்டும் என்றால் சுக்கான்காரர் குரல் கொடுப்பார். பலகை மேல் இருப்பவர்கள் உள்ளே இறங்கி, ஆள் எடைக்கு இருக்கும் பலகையை இழுத்து மறுபக்கம் தள்ள வேண்டும். அதற்குள் ஒருவர் பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை அவிழ்த்து அடுத்த பக்கம் கொண்டு போவார். இந்த இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் முடியாவிட்டால் படகு காற்றுக்கு நேராக நின்றுவிடும். பிறகு பின்னால் நகர ஆரம்பிக்கும். சுக்கான் தலைகீழாக வேலை செய்யும். அந்த நேரத்தில் பக்கத்தில் இன்னொரு படகு வந்தால் மோதல்தான்.

குட்டிக் குட்டியாகப் பத்து தடவை திருப்ப வைத்தால் கடல் தெரிந்தவன் ஜெயிக்க மாட்டான், தோள் பலம் உள்ளவன் ஜெயிப்பான். எங்கள் படகுக்கு நீண்ட ஓட்டமும் ஒன்றிரண்டு திருப்பமும்தான் அழகு.

நேர்க்கோடு:

ஐயா, இதை நீங்கள் சொன்னது மிகவும் நல்லதாயிற்று. டிங்கிக்குப் போடுகிற பாதையை அப்படியே வத்தைக்குப் போட்டால் அநியாயம் ஆகிவிடும். ஆனாலும் எதிர்க்காற்றுக் கட்டத்தை விட வேண்டாம். அதை நீளமாகவும் அகலமாகவும் போட்டுவிடுவோம். மேல் போயா, அதாவது காற்று வரும் பக்கம் சுற்ற வேண்டிய மிதவை, ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர் தள்ளி இருந்தால் விரும்புகிறவர் இரண்டு திருப்பத்தில் ஏறிவிடலாம். அடிக்கடி திருப்ப விரும்புகிறவர் திருப்பட்டும். அவர் படகு, அவர் முடிவு.

வாடைக்கரை தம்பிக்கு ஒரு வேலை. ஒரு வத்தையில் செல்பேசி ஜிபிஎஸ் வைத்து எதிர்க்காற்றில் ஒரு முறை இடம், ஒரு முறை வலம் ஓட்டிப் பாருங்கள். திரையில் விழும் இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள கோணம் தெரிந்தால்தான் ஒரு மைல் ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட முடியும்.

சோழகம்:

நான் யாழ்ப்பாணம், வடமராட்சிப் பக்கம். பாதை போடும்போது பார்க்கிற சனத்தையும் நினைத்துக்கொள்ளுங்கோ. கரையில நிற்கிற ஆட்களுக்குத் திருப்பம்தான் திருவிழா. ஒரு போயாவாவது கரைக்குக் கிட்ட இருக்க வேணும். படகுக்காரரின் முகம் தெரியிற தூரத்தில் ஒரு திருப்பம் நடந்தால் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு அசையாதுகள்.

வாடைக்கரை:

சோழகம் அண்ணா சொன்னதை வைத்து நேற்று இரவு வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தோம். எங்கள் கரை ஏறக்குறைய வடவடகிழக்கு, தென்தென்மேற்காக ஓடுகிறது. கடல் கிழக்கே. திருவிழா நேரத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கு. அப்படியானால் எதிர்க்காற்றுக் கட்டம் கடலுக்குள் நேராகப் போகாது. கரையை ஒட்டினாற்போல் வடக்கே போய்க் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். முழுக் கட்டத்தையும் கரையில் நின்றே பார்க்கலாம். இத்தனை வருஷம் இது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

மேல் போயாவை இடப்பக்கம் விட்டுச் சுற்றினால் படகுகள் கரையைப் பார்த்துத் திரும்பும். அடுத்த போயாவைக் கரையிலிருந்து 300 மீட்டரில் வைத்தால் கூட்டத்துக்கு நேர் எதிரே வந்து சுற்றிவிட்டுத் தெற்கே கீழ்ப் போயாவுக்குப் போகும். முக்கோணம். இது சரியா? அப்புறம், நீவாடு, அதாவது கடல் நீரோட்டம் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பழைய தண்டல்:

வாடைக் காலத்தில் நீவாடு தெற்கே இழுக்கும். கரையோரம் தண்ணீர் குறைவு, அங்கே இழுப்பும் குறைவு. எதிர்க்காற்றில் ஏறும்போது எல்லோரும் கரையை உரசிக்கொண்டே போவார்கள். வெளியே போனவன் தோற்பான். அப்படி ஆனால் நீங்கள் நினைக்கிற இரண்டு பக்க யோசனைக்கு வேலை இல்லை. புறப்படும் கோட்டைக் கரையிலிருந்து நன்றாகத் தள்ளி, ஆழம் இரண்டு பாகத்துக்கு, அதாவது பன்னிரண்டு அடிக்கு மேல் இருக்கிற இடத்தில் போடுங்கள்.

இன்னொன்று. கரைப் போயாவில் பின்காற்றில் பாய் மாற வேண்டி வரும். காற்று பலமாக இருந்தால் பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் அடித்துக்கொண்டு போகிற வேகத்தில் பாய் கட்டிய பருமல் கம்பு முறியும், ஆள் தலையிலும் அடிக்கும். அங்கே நெருக்கடி இருக்கக் கூடாது.

நேர்க்கோடு:

ஐயா சொன்ன நீவாடு விஷயம் பாதிப் பாதையைத் தீர்மானித்துவிடும். ஒரு பக்கம் மட்டும் லாபம் தருகிற பாதை, மேலே சீட்டுக் குலுக்கிய பாதை மாதிரியேதான். இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று சோதிக்க வழி உண்டு. பாதி தண்ணீர் அடைத்த பிளாஸ்டிக் பாட்டில்களைக் கரைப் பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என ஒரே நேரத்தில் விட்டு, பத்து நிமிஷத்தில் எவ்வளவு நகர்ந்தது என்று ஜிபிஎஸ்ஸில் குறியுங்கள். பாட்டிலை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

கரைப் போயாவுக்கு என் யோசனை: காலையில் ஒரு காற்று அளவை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் கரைப் போயா கிடையாது, மேலிருந்து கீழ்ப் போயாவுக்கு நேராக இறங்கி வருவது என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். புறப்பட்ட பிறகு மாற்றினால் சண்டை வரும்.

இடப்பக்கம் விட்டுச் சுற்றுவது சரியான முடிவு. உலகப் பாய்மர அமைப்பு நாலு வருஷத்துக்கு ஒரு முறை போட்டி விதிகளை வெளியிடுகிறது. இப்போது 2025 முதல் 2028 வரைக்கானது நடப்பில் இருக்கிறது. அதில் 10-ஆம் விதிப்படி, வலப்பக்கம் காற்று வாங்கும் படகுக்கு இடப்பக்கம் காற்று வாங்கும் படகு வழிவிட வேண்டும். மேல் போயாவை இடப்பக்கம் விட்டுச் சுற்றும்போது வழியுரிமை உள்ள படகுகள் வரிசையாக வந்து அப்படியே சுற்றிவிடும். வலப்பக்கம் விட்டுச் சுற்றச் சொன்னால், போயா பக்கத்திலேயே உரிமை உள்ள படகும் இல்லாத படகும் எதிரும் புதிருமாக வரும். பதினாறு வத்தைக்கு அது வேண்டாம்.

18-ஆம் விதியையும் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள். போயாவிலிருந்து மூன்று படகு நீளத்துக்குள் முன்படகு நுழையும்போது உள்பக்கம் ஒருவர் ஒட்டி வந்துகொண்டிருந்தால் அவருக்குச் சுற்ற இடம் விட வேண்டும். மூன்று நீளத்துக்குள் வந்த பிறகு புதிதாக மூக்கை நுழைத்தவருக்கு அந்த உரிமை இல்லை. தப்புச் செய்த படகு வட்டம் அடிக்க வேண்டும் என்பது டிங்கி வழக்கம். பலகை மாற்றும் படகுக்கு அது அதிகத் தண்டனை. ஓர் இடம் பின்னே தள்ளுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாடைக்கரை:

காற்றை எப்படி அளப்பது அண்ணே? எங்கள் ஆட்கள் முகத்தில் படுவதை வைத்துச் சொல்லிவிடுவார்கள், ஆனால் ஒருவர் சொல்வது மாதிரி இன்னொருவர் சொல்வதில்லை. கோடு போட்ட பிறகு காற்று மாறினால்?

நேர்க்கோடு:

மெல்லிய ரிப்பன் ஒன்றைக் குச்சியில் கட்டி, நங்கூரம் போட்ட படகில் நின்று, அது பறக்கிற திசைக்கு நேர் எதிர்த்திசையைத் திசைமானியில் பாருங்கள். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நோட்டில் எழுதுங்கள். 40, 48, 42, 50, 41 என்று வந்தால் காற்று இரண்டு முனைக்கு நடுவே ஊசலாடுகிறது. நடுவே 45 டிகிரிக்குப் பாதை போடலாம். 40, 44, 49, 55 என்று ஒரே பக்கமாக நகர்ந்தால் காற்று திரும்பிக்கொண்டிருக்கிறது, இப்போது போடாதீர்கள்.

சென்னையில் இது எங்களுக்குத் தினப்படி விஷயம். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிழக்கே தொடங்கி, நேரம் ஆக ஆகத் தென்கிழக்கு, தெற்கு என்று வலப்பக்கமாகத் திரும்பும். பன்னிரண்டு மணிக்குப் போட்ட பாதை மூன்று மணிக்குப் பக்கக் காற்றுப் பாதையாகிவிடும். உங்கள் பக்கம் வாடைக் காலத்தில் அவ்வளவு மாறாது என்று நினைக்கிறேன், தண்டல் ஐயா சொல்லட்டும்.

கோட்டின் தென்கிழக்குக் கோடியில் நடுவர் படகு, மறுகோடியில் போயா. போயாவை இழுக்க ஒரு ஃபைபர் படகு தயாராக நிற்கட்டும். கடைசிப் பத்து நிமிஷத்தில் காற்று 10 டிகிரிக்கு மேல் திரும்பினால் கொடியை இறக்கிப் புறப்பாட்டைத் தள்ளிப்போடுங்கள். விருந்தினர் காத்திருக்கிறார், மைக்கில் கூப்பிட்டாயிற்று என்றெல்லாம் நெருக்குவார்கள். அந்த நேரத்தில் அசையாமல் நிற்கிற ஒருவரைத்தான் நடுவராகப் போட வேண்டும்.

கடல்தாழை:

ஒரு வேண்டுகோள். கரையோர ஆழமற்ற பகுதியில் கடல்தாழை என்கிற கடற்புல் படுகைகள் நிறைய. ஆவுளியா என்கிற கடற்பசு மேய்கிற இடம் அதுதான். அதற்காகத்தான் 2022-இல் பாக் விரிகுடாவின் வடக்கே, தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். போயாவுக்குக் கொக்கி நங்கூரம் போட்டு இழுத்தால் புல் வேரோடு வரும். மணல் தரையாகப் பார்த்து, கல் அல்லது மணல் மூட்டை இறக்குங்கள்.

கயிறு ஆழத்தைப் போல் ஒன்றரை மடங்கு போதும். நீளம் கூடினால் போயா அலையும். போயாவுக்குக் கீழே ஒரு பாகத்தில் செங்கல் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். தளர்ந்த கயிறு மேலே மிதக்காது, சுக்கானிலும் பக்கப் பலகையிலும் மாட்டாது.

கணக்கு நோட்டு:

எல்லோரும் பாதையையே பேசுகிறீர்கள். 18 அடிப் படகும் 24 அடிப் படகும் ஒன்றாக ஓடினால் பாதை எவ்வளவு நேர்மையாக இருந்து என்ன பயன்?

நல்ல காற்றில் படகின் உச்ச வேகம் தண்ணீர் மட்டத்தில் அதன் நீளத்தைப் பொறுத்தது. அடியில் நீளத்துக்கு வர்க்கமூலம் எடுத்து 1.34-ஆல் பெருக்கினால் கடல் மைல் கணக்கில் வேகம் வரும். 18 அடிக்கு 5.7, 24 அடிக்கு 6.6. பெரிய படகு ஒரு மணி நேரத்தில் முடிக்கும் பாதைக்குச் சின்னப் படகு 69 நிமிஷம் எடுக்கும். யார் ஓட்டினாலும் அந்த ஒன்பது நிமிஷம் இருக்கும். காற்று குறைவாக இருந்தால் பாய் அளவும் எடையும் பேசும்.

இங்கிலாந்துக் கிளப்புகளில் போர்ட்ஸ்மவுத் எண் என்று ஒவ்வொரு வகைப் படகுக்கும் ஓர் எண் உண்டு. ஓடிய நேரத்தை 1000-ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுப்பார்கள். நம் படகுகளுக்கும் பழைய நேரங்களை வைத்து அப்படி எண் உண்டாக்கலாம்.

பழைய தண்டல்:

கணக்கு சரிதான். ஆனால் முதலில் வந்தவன் கையில் கோப்பை இல்லை, நோட்டில் வகுத்துப் பார்த்த பிறகு மூன்றாவதாக வந்தவனுக்குக் கோப்பை என்றால் எந்த ஊரும் ஒத்துக்கொள்ளாது.

கணக்கு நோட்டு:

ஐயா, அதற்கும் வழி உண்டு. அந்த நேர வித்தியாசத்தைப் புறப்பாட்டிலேயே கொடுத்துவிடலாம். சின்னப் படகு முதலில், பெரிய படகு கடைசியில். யார் முதலில் கோட்டைத் தொடுகிறாரோ அவரே ஜெயித்தவர். கடைசிச் சுற்றில் எல்லோரும் நெருங்கி வருவார்கள், கரையில் நிற்பவர்களுக்குக் கணக்கே தேவையில்லை.

நேர்க்கோடு:

நல்ல முறைதான். ஆனால் பதினாறு படகு ஒன்றாகப் புறப்படும் காட்சி போய்விடும். காற்று எதிர்பார்த்த அளவு இல்லாவிட்டால் கொடுத்த நிமிஷமும் பிசகும். முதல் வருஷம் இரண்டு பிரிவு போதும் என்பது என் கருத்து. 21 அடி வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று. பெரிய படகுகள் முதலில் புறப்படட்டும், ஐந்து நிமிஷம் கழித்துச் சின்னவை. பெரிய பாய் பின்னாலிருந்து வந்து சின்னப் படகுகளின் காற்றை மறைக்காது.

ஒரே ஓட்டத்தில் முடிக்காதீர்கள். ஓட்டம் ஒன்றுக்கு ஒரு சுற்று, நாற்பது நாற்பத்தைந்து நிமிஷம், இரண்டு ஓட்டம் வையுங்கள். முதலிடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாமிடத்துக்கு இரண்டு. குறைந்த கூட்டுத்தொகை வாங்கியவர் வென்றார். ஒரு ஓட்டத்தில் கயிறு அறுந்தவனுக்கும் இன்னொரு வாய்ப்பு இருக்கும்.

வாடைக்கரை:

விழாக் குழுவில் பேசிவிட்டோம். இரண்டு பிரிவு, இரண்டு ஓட்டம், சமன் வந்தால் இரண்டாவது ஓட்டத்தில் முன்னே வந்தவர். சீட்டுக் குலுக்கல் இல்லை. இதற்குத்தான் பெரிய எதிர்ப்பு, ஆனால் வடக்குக் கோடி வாங்கித் தோற்ற படகுச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியே எங்கள் பக்கம் பேசினார்.

ஜிபிஎஸ் சோதனையும் முடிந்தது. இடத்துக்கும் வலத்துக்கும் நடுவே 120 டிகிரி வருகிறது, அதாவது காற்றுக்கு 60 டிகிரியில் ஏறுகிறோம். வேகம் மணிக்கு 5 கடல் மைல். நேர்க்கணக்கில் மேலே ஏறுவது 2.5தான். ஒரு மைல் ஏற 24 நிமிஷம், திருப்பத்துக்கு ஒன்றிரண்டு நிமிஷம், இறங்க 18 நிமிஷம் வரை. நேர்க்கோடு அண்ணன் சொன்ன நேரத்துக்குள் வந்துவிடுகிறது.

பாட்டில் சோதனையில் கரைப் பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் நல்ல வித்தியாசம் இருந்தது. அதனால் கோட்டைக் கரையிலிருந்து 600 மீட்டருக்குத் தள்ளிவிட்டோம். கரைப் போயா 300 மீட்டரிலேயே இருக்கும், அங்கே இறங்கித்தான் வருவார்கள் என்பதால் இழுப்பு தொந்தரவு தராது. மிதவைச் சட்டை போடாதவர் படகில் ஏற முடியாது. காப்பாற்ற மூன்று ஃபைபர் படகு, அதில் ஒன்று கரைப் போயா பக்கத்திலேயே நிற்கும். கடலோரக் காவல் குழுமத்திடம் எழுதிக் கொடுத்தாயிற்று.

கீழ்ப் போயா இடம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. பழைய கோயில் கொடிமரத்துக்கு நேர் கிழக்கே போடலாம் என்று இருக்கிறோம்.

பழைய தண்டல்:

அந்த இடம் வேண்டாம். கொடிமரத்துக்கு நேரே பழைய வலைக் கம்புகள் தண்ணீருக்குள் முறிந்து நிற்கின்றன. வற்றம் நேரத்தில் வத்தையின் அடிப்பலகை தட்டும். இருநூறு மீட்டர் தெற்கே தள்ளுங்கள், அங்கே மணல் தரை, இரண்டரைப் பாகம் தண்ணீர். கோட்டையும் மேல் போயாவையும் அதே அளவு தெற்கே இறக்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் படகு எடுத்து வாருங்கள், இடத்தைக் காட்டுகிறேன்.